மௌத்தானவரின் வீடு: வாடகை யாருக்கு? விலை யாருக்கு?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சில மாதங்களுக்கு முன் ஒருநாள் இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்ற பின், ஒருவர் மட்டும் தூணோரம் உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறவர். வாரத்தில் பாதி நாள் குமுளி மலைக்கு மேலே, பாதி நாள் கம்பத்தில். அருகில் போய் ஸலாம் சொன்னேன்.

"ஹஜ்ரத், ஏழு வருஷமா ஒரு வீட்டுல வாடகைக்கு இருக்கேன். வீட்டுக்காரரு மௌத்தாயிட்டாரு. மூத்த பையன் வந்து, 'வாடகைய இனிமே எங்கிட்டக் குடுங்க. பத்திரமெல்லாம் சரி பண்ண ஒரு வருஷம் ஆகும். அப்புறம் நீங்களே வாங்கிக்கங்க, இருபது லட்சம். இப்ப அஞ்சு லட்சம் குடுத்து வைங்க'ன்னு சொல்றாரு. அதுவரைக்கும் வாடகை குடுத்து இருந்துட்டு, அப்புறம் வாங்கலாமா? கூடுமா?"

"கூடும் அண்ணே. ஆனால் வாடகை யாருக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"மூத்தவருக்குத்தான். அவருதானே வீட்டுக்குப் பெரியவரு?"

"மௌத்தானவருக்கு வேறு யார் யார் இருக்கிறார்கள்?"

அவர் விரல் விட்டு எண்ணினார். மனைவி ஒருவர். மகன்கள் இருவர், இளையவனுக்குப் பன்னிரண்டு வயது. திருமணமாகிப் போன மகள் ஒருவர். எண்ணி முடித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. ஏழு ஆண்டு தவறாமல் வாடகை கொடுத்த நேர்மையான மனிதர் அவர். ஆனாலும் இந்த எண்ணிக்கையை அவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அவர் மட்டுமா? நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? வாரிசுகளுக்குள் நடக்கும் அநியாயத்தைப் பற்றி மிம்பரில் பேசுகிறோம். அந்த அநியாயம் நடப்பதற்குப் பணம் கொண்டுவந்து கொடுக்கிறவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. வாடகைக்கு இருப்பவரும் விலைக்கு வாங்குபவரும் வெளியாட்கள்தானே, அவர்களுக்கு என்ன பொறுப்பு என்று விட்டுவிடுகிறோம். இன்று அந்தப் பொறுப்பைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

மூச்சு நின்ற நொடியில்

ஒரு மனிதர் மௌத்தாகிறார். அவர் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் கிடைக்க நாளாகும். பட்டா மாற நாளாகும். பத்திரம் எழுதுவது அதற்கும் பிறகு. ஆனால் சொத்து கைமாறுவது அந்த அலுவலகங்களில் அல்ல சகோதரர்களே! மூச்சு நின்ற நொடியிலேயே அது கைமாறிவிடுகிறது. காகிதங்களெல்லாம் பின்னால் வரும் சாட்சிகள் மட்டுமே.

ஷரீஅத்தின் வரிசை உங்களுக்குத் தெரியும். முதலில் கஃபன், அடக்கச் செலவு. இரண்டாவது, மய்யித்தின் கடன். மூன்றாவது, வஸிய்யத், அதுவும் மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல். நான்காவதுதான் வாரிசுகளின் பங்கு. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 வசனங்களில் பங்குகளைக் கூறும் அல்லாஹுத்தஆலா, இவையெல்லாம் வஸிய்யத்தையும் கடனையும் நிறைவேற்றிய பிறகே என்று திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறான். அதே அத்தியாயத்தின் 7-ஆம் வசனத்தில், சொத்து கொஞ்சமாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் ஆணுக்கும் பங்குண்டு, பெண்ணுக்கும் பங்குண்டு என்கிறான்.

நம் நாட்டில் உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் புரோபேட் என்றொரு நடைமுறை உண்டு. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அதைச் சிலருக்குக் கட்டாயமாக்கியபோதும் முஸ்லிம்களின் வஸிய்யத்துக்கு அதைக் கட்டாயமாக்கவில்லை. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தின்படி, உயில் இல்லாத சொத்தில் நமக்குள்ள வாரிசுரிமை ஷரீஅத்தின் வழியேதான். எனவே, 'கோர்ட்டு சொல்லும்வரை இது யாருடைய சொத்துமில்லை' என்று நினைப்பது தவறு. மரணத்திற்கும் பாகப்பிரிவினைக்கும் இடையே கிடக்கும் சொத்து அநாமத்துச் சொத்தல்ல. அது பலருடைய அமானிதம்.

அந்தக் கம்பம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். கடனும் வஸிய்யத்தும் போக மிஞ்சியதை நாற்பது பங்காக்குங்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. அதாவது 5 பங்கு. மீதி 35. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் மூத்தவருக்கு 14, இளையவனுக்கு 14, மகளுக்கு 7. மாத வாடகை ரூ. 4,000 என்றால் தாய்க்கு 500, மூத்தவருக்கு 1,400, இளையவனுக்கு 1,400, மகளுக்கு 700. மூத்தவரின் கையில் நாலாயிரத்தையும் கொடுத்துவிட்டு வந்தால், அதில் 2,600 ரூபாய் அவருடையதல்ல. அதிலும் 1,400 ரூபாய் தகப்பனை இழந்த ஒரு சிறுவனுடையது.

நான்கு ஹஜ்ஜுகள் காத்திருந்த மகன்

பாகப்பிரிவினைக்குக் காலம் எடுத்துக்கொள்வதே தவறா என்றால், அப்படியல்ல. காரணத்தோடு தாமதிப்பதற்கு ஸஹாபாக்களின் வாழ்க்கையிலேயே முன்மாதிரி இருக்கிறது.

ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் ஜமல் போரின்போது ஷஹீதானார்கள். மக்கள் அவர்களிடம் பணத்தை அமானிதமாகக் கொண்டுவருவார்கள். தொலைந்துபோனால் கொடுத்தவருக்கு நஷ்டமாகுமே என்று அஞ்சி, அதை அமானிதமாக வாங்காமல் கடனாகவே வாங்கிக்கொள்வார்கள். அப்படிச் சேர்ந்த கடன் இருபத்திரண்டு லட்சம்! விட்டுச் சென்றதோ ரொக்கமல்ல. மதீனாவில் பதினொரு வீடுகள், பஸராவில் இரண்டு, கூஃபாவில் ஒன்று, எகிப்தில் ஒன்று, பிறகு காபா என்ற நிலம்.

கடனை அடைத்து முடித்ததும் மற்ற பிள்ளைகள் வந்து, எங்கள் பங்கைப் பிரித்துக் கொடுங்கள் என்றார்கள். பொறுப்பேற்றிருந்த மகன் அப்துல்லாஹ் (ரலி) மறுத்துவிட்டார்கள். கடன் கொடுத்தவர் யாராவது விடுபட்டிருந்தால் என்ன செய்வது? நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் நின்று, என் தந்தையிடம் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் வாருங்கள் என்று அறிவித்தார்கள். அதன் பிறகே பிரித்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் காபா நிலத்தைக் கடனுக்காகப் பதினாறு பங்காக்கி, பங்கு ஒரு லட்சம் என்று விற்றார்கள். ஸுபைர் (ரலி) அவர்களின் சொந்த மகனான முன்திர் ஒரு பங்கைக் கேட்டபோது, வெளியாருக்குச் சொன்ன அதே ஒரு லட்சம்தான் அவருக்கும் விலை. வாப்பாவின் நிலம்தானே என்று சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. புகாரி ஷரீஃபில் உள்ள செய்தி இது.

தாமதிப்பது தவறல்ல. தாமதத்தின் மறைவில் ஒருவர் மட்டும் அனுபவிப்பதுதான் தவறு.

குடியிருப்பவரின் கடமை

இனி வாடகைக்கு இருப்பவரின் மஸ்அலாவுக்கு வருவோம்.

ஹனஃபீ மத்ஹபில், தனக்காக ஒப்பந்தம் செய்த இருவரில் ஒருவர் மௌத்தானால் வாடகை ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. நாட்டுச் சட்டத்தில் குடியிருப்பு அப்படி முறிவதில்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் ஹலாலுக்காக வாரிசுகள் அனைவரோடும் புதிதாக ஒப்பந்தம் செய்துகொள்வதில் சட்டத்துக்கு எந்த விரோதமும் இல்லை. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டமும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்ற அல்-பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனத்தை ஓதுகிற நமக்கு இதில் சிரமம் என்ன?

வீட்டுக்காரர் மாதத்தின் பதினைந்தாம் நாள் மௌத்தானார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியின் வாடகை ரூ. 2,000 அவர் விட்டுச் சென்ற சொத்தோடு சேரும். பிற்பாதியின் ரூ. 2,000 வாரிசுகளின் பங்குக் கணக்கில் வரும். தீராத கடன் இருந்தால் அதைத் தீர்ப்பதே முந்தும்.

நீங்கள் கொடுத்து வைத்திருக்கும் அட்வான்ஸ் என்ன ஆகும்? அது மய்யித்தின் மீதுள்ள கடன். வாரிசுகள் கை வைப்பதற்கு முன் கணக்கில் ஏற வேண்டிய தொகை. இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். கடன் தீரும்வரை முஃமினின் ஆன்மா தொங்கிக்கொண்டிருக்கிறது என்ற கருத்துள்ள ஹதீஸ் திர்மிதியில் வருகிறது. நீங்கள் சொல்லாமல் இருந்தால் அந்த மய்யித்துக்குத்தான் பாரம்.

அடுத்து, ஒப்பந்தம் யாரோடு? கூட்டுச் சொத்தில் ஒருவர் தன் பிரிக்கப்படாத பங்கை மட்டும் வெளியாளுக்கு வாடகைக்கு விடுவது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் கூடாது. இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் கூடும் என்கிறார்கள். வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து முழு வீட்டையும் வாடகைக்கு விட்டால் இந்தக் கருத்து வேற்றுமைக்கே இடமில்லை. எல்லோரும் மாதாமாதம் வரத் தேவையில்லை. பருவமடைந்த வாரிசுகள் ஒருவரை வகீலாக நியமித்து, ஒரு தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். மகள் வெளியூரில் இருந்தால் ஃபோனில் கேளுங்கள். அவருடைய வாயால் கேளுங்கள். அண்ணனின் வாயால் அல்ல!

சிறுவனின் பங்கு மட்டும் யாருடைய சம்மதத்திலும் கரைந்துபோகாது. அதைத் தனியாக எழுதி, தனியாக வைக்க வேண்டும். அவனுடைய உணவுக்கும் படிப்புக்கும் செலவழிக்கலாம். அதற்கும் கணக்கு இருக்க வேண்டும். வாரிசுகளில் ஒருவரே அந்த வீட்டில் குடியிருந்தாலும் பிற்கால ஹனஃபீ அறிஞர்கள் எத்தீமின் பங்குக்கு விதிவிலக்குச் செய்து, அதற்குரிய வாடகையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஃபத்வா கொடுத்திருக்கிறார்கள். சொந்த அண்ணனுக்கே அப்படியென்றால் வெளியாளுக்கு என்ன சலுகை?

எத்தீம்களின் நிலத்தில் எழுந்த பள்ளிவாசல்

வாடகையைவிடக் கனமானது விற்பனை. இருபது லட்சம் ரூபாய் வீட்டில் தாய்க்கு இரண்டரை லட்சம், மகன்களுக்கு ஆளுக்கு ஏழு லட்சம், மகளுக்கு மூன்றரை லட்சம். மூத்தவர் தன் ஏழு லட்சத்துக்குரிய பங்கை விற்கலாம். பிறர் பங்கையும் சேர்த்து விற்றால், அது சொந்தக்காரர் சம்மதிக்கும்வரை தொங்கி நிற்கும் விற்பனை. கிதாபுகளில் ஃபுளூலியின் விற்பனை என்று இதற்குப் பெயர். தாயும் மகளும் மனமொப்பிச் சம்மதித்தால் அவர்கள் பங்கு சரியாகிவிடும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் சம்மதித்தால்? அவன் சம்மதம் சம்மதமாகாது.

அவனுக்காகத் தாய் கையெழுத்திடுகிறாரே என்பீர்கள். பெற்ற தாயாக இருந்தாலும், அண்ணனாக இருந்தாலும், சொத்து விஷயத்தில் ஹனஃபீ சட்டம் அவர்களைத் தாமாகவே வலிய்யாக ஆக்குவதில்லை. தகப்பன், அவர் நியமித்த வஸிய்யு, பாட்டனார், அவர் நியமித்தவர், அதன் பிறகு காஜி என்று வரிசை போகிறது. இன்று அந்த இடத்தில் நீதிமன்றம் இருக்கிறது. 1918-ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் இமாம்பந்தி வழக்கில் இதே தீர்ப்பைத்தான் சொன்னது. 1996-இல் உச்ச நீதிமன்றமும் முஸ்லிம் தாய் தன் மைனர் பிள்ளையின் சொத்தை விற்றது செல்லாது என்றது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றம் ஒருவரைக் காப்பாளராக நியமித்தாலும், விற்பதற்கு மறுபடியும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் அப்படியே. ஷரீஅத்தும் நாட்டுச் சட்டமும் ஒரே குரலில் பேசும் இடம் இது. அப்படியிருந்தும் நம் ஊர்களில், 'அம்மா கையெழுத்துப் போட்டாச்சு, வேலை முடிஞ்சது' என்கிறார்கள்!

வாங்குகிறவருக்கு நம் நாயகம் (ஸல்) அவர்களிடத்தில் அழகிய முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது அவர்களுக்குச் சொந்த வீடில்லை. அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில் தங்கியிருந்தார்கள். பள்ளிவாசல் கட்ட ஓர் இடம் தேவைப்பட்டது. ஒட்டகம் மண்டியிட்ட இடம் பேரீச்சம்பழம் காயவைக்கும் களம். அது ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு எத்தீம் சிறுவர்களுக்குச் சொந்தம். அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் பராமரிப்பில் அச்சிறுவர்கள் இருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் விலை பேசினார்கள். சிறுவர்களோ, அல்லாஹ்வின் தூதரே, அன்பளிப்பாகவே தருகிறோம் என்றார்கள். அன்பளிப்பாக ஏற்க நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்து, விலைக்கே வாங்கினார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! கேட்பவர் அல்லாஹ்வின் தூதர். கட்டப்படுவது மஸ்ஜிதுந் நபவி. கொடுப்பவர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். ஆயினும் எத்தீமின் சொத்து இலவசமாக வேண்டாம் என்று நின்றுவிட்டார்கள். அப்படியிருக்க, நாம் குடியிருக்க ஒரு வீட்டுக்கு, எத்தீமின் பங்கை அவன் அண்ணனின் கையெழுத்தில் கரைத்துக்கொள்வது எங்ஙனம் தகும்? எத்தீம்களின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிறுகளில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 10-ஆம் வசனம் எச்சரிக்கிறது.

ஒத்தி என்னும் ஓட்டை

பத்திரம் முடியும்வரை என்ற இடைவெளியில் நம் பகுதியில் இன்னொரு வழக்கம் நுழைகிறது. 'வாடகை வேண்டாம், ஐந்து லட்சம் ஒத்தியாகக் கொடுங்கள். வீடு உங்கள் பெயருக்கு வரும்வரை சும்மா இருந்துகொள்ளுங்கள்' என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். கொடுத்த பணம் முழுதாகத் திரும்பி வரும்; இடையில் வீட்டில் வாடகையில்லாமல் குடியிருப்பு. கொடுத்த பணம் கடன். அதற்காகப் பெற்ற குடியிருப்பு அதன் லாபம். கடன் கொடுத்து நிபந்தனையோடு பெறும் லாபம் வட்டிதான் என்பது நம் உலமாக்களின் ஃபத்வா. பாதி ஒத்தி, பாதி வாடகை என்று வாடகையைக் குறைத்துக்கொள்வதும் இதே கதைதான். அதிலும், மூத்தவர் ஐந்து லட்சத்தை வாங்கித் தன் தொழிலில் போட்டுவிட, சிறுவனும் சகோதரியும் வாடகையை இழந்து நிற்பார்கள். ஒரே காகிதத்தில் வட்டியும் எத்தீமின் பொருளும்! அல்லாஹ் காப்பாற்றுவானாக!

'வாடகையை விலையில் கழித்துக்கொள்ளலாமா?' என்றும் கேட்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் தனி, விற்பனை தனி. ஒன்றில் மற்றொன்றை நிபந்தனையாகக் கட்டாதீர்கள். பின்னால் விற்கிறோம் என்பது வாக்குறுதியாக மட்டும் இருக்கட்டும். விற்பனை நாளில் உரிமையுள்ள பெரியவர்கள் எல்லோரும் மனமொப்பித் தம் பங்கின் விலையைக் குறைத்தால் அது அவர்கள் தாராளம். சிறுவனின் பங்கில் குறைக்க எவருக்கும் உரிமையில்லை.

எங்கள் வீட்டுக் கதை

பிறரைச் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது சகோதரர்களே. என் வீட்டையும் சொல்லி விடுகிறேன்.

என் பாட்டனார் மௌத்தானபோது வாரிசுகள் இருவர்தான். என் அத்தாவும், அத்தாவின் தங்கையான எங்கள் குப்பியும். வீட்டின் முன்பகுதியில் ஒரு கடை. அது வாடகைக்கு விடப்பட்டிருந்தது. குப்பி பெருநாளைக்கு வருவார். ஒரு பையில் முறுக்கு கொண்டுவருவார். திண்ணையில் விருந்தாளி போல உட்கார்ந்திருந்துவிட்டு, அஸருக்குப் பிறகு பஸ் ஏறிவிடுவார்.

மதரஸாவில் ஸிராஜிய்யா ஓதும்போது உஸ்தாத் ஒருநாள் கரும்பலகையில் கணக்குப் போட்டார். ஒரு மகன், ஒரு மகள். மூன்று பங்கு. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. மற்ற மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. அந்தக் கடை வாடகையில்தான் எனக்கு ஜுப்பாவும் கிதாபும் வாங்கித் தந்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு குப்பியுடையது. குப்பியின் பணத்தில் வாங்கிய கிதாபில்தான் குப்பியின் பங்கைப் படித்துக்கொண்டிருந்தேன்!

விடுமுறையில் அத்தாவிடம் கேட்டேன். "அவ கல்யாணத்துக்கு எல்லாம் செஞ்சாச்சு. அவளே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா" என்றார்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். கல்யாணச் சீர் வாரிசுப் பங்காகாது என்று எனக்குத் தெரியும். என் உரிமையை விட்டுவிட்டேன் என்று வாரிசு வாயால் சொன்னாலும் சொத்திலுள்ள உரிமை அழிவதில்லை. முறையாக விலை பேசிக் கொடுக்கவோ, பிரித்தெடுத்து அன்பளிப்புச் செய்யவோ வேண்டும் என்று கிதாபில் ஓதியிருந்தேன். ஓதியும் பேசவில்லை. அத்தா மௌத்தாகும்வரை பேசவில்லை. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

பிறகு நாங்கள் உடன்பிறந்தவர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, அன்றைய விலைக்கு மூன்றில் ஒரு பங்கையும், நினைவுக்கு எட்டிய வாடகைப் பங்கையும் எடுத்துக்கொண்டு குப்பி வீட்டுக்குப் போனோம். குப்பி பணத்தைப் பார்க்கவில்லை. "எங்க அத்தா வீட்டுல எனக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நீங்களாவது சொன்னீங்களே" என்றார். அடுத்த பெருநாளைக்கு வந்தவர் திண்ணையில் உட்காரவில்லை. நேரே அடுப்படிக்குப் போனார்.

எத்தனையோ ஆண்டு அந்தக் கடையை வாடகைக்கு எடுத்திருந்தவர் தொழுகையாளி, ஹாஜியார். மாதம் பிறந்தால் வாடகை அத்தாவின் கைக்கு வந்துவிடும். 'உங்க தங்கச்சிக்கு இதுல பங்கு இல்லையா?' என்று அவர் ஒரே ஒருமுறை கேட்டிருந்தால் என் அத்தா வெட்கப்பட்டிருப்பார்கள். வெட்கப்பட்டுக் கொடுத்தும் இருப்பார்கள். அவர் கேட்கவில்லை. நம் வேலை இல்லை என்று நினைத்திருப்பார்.

மடையும் பங்கும்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. 1895-இல் பெரியாற்று அணை கட்டப்பட்ட பின் வந்த தண்ணீரால் இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும்போது அடுத்தவர் மடையை அடைத்துத் தன் வயலுக்குத் திருப்பியவரை ஊர் என்ன சொல்லும்? அப்படித் திருப்பிய தண்ணீரை விலைக்கு வாங்கியவரைத்தான் விட்டுவைக்குமா? தண்ணீரின் பங்கு நமக்குத் தெரிகிறது. அதே ஊரில் ஒரு சிறுவனின் பங்கு அடைபடும்போது, திறந்திருக்கும் வாய்க்காலில் பணத்தை ஊற்றிவிட்டு வருகிறோம். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த வீடு எத்தனை சாண் என்று எண்ணிப் பாருங்கள்!

ஆகவே, மௌத்தானவரின் வீட்டில் குடியிருப்பவரும், அதை வாங்க விரும்புபவரும் நான்கு கேள்விகளைக் கேட்காமல் பணத்தை எடுக்கக் கூடாது. மய்யித்துக்குக் கடன் உண்டா, மனைவியின் மஹர் கொடுக்கப்பட்டதா? வஸிய்யத் உண்டா? வாரிசுகள் யார் யார், ஆலிமிடம் காட்டிப் பங்கு கணக்கிட்டாயிற்றா? மைனர் உண்டா, அவருடைய பங்குக்கு யார் பொறுப்பு? வாரிசுச் சான்றிதழில் பெயர்கள்தான் இருக்கும், பங்கு இராது என்பதையும் நினைவில் வையுங்கள். விடுதலைப் பத்திரம் காட்டினால், அந்தச் சகோதரிக்கு என்ன கொடுத்தீர்கள் என்றும் கேளுங்கள்.

முதலில் சொன்ன அந்தச் சகோதரருக்கு வருகிறேன். நான் இவ்வளவும் சொன்னபோது அவர், "கேட்டா மூத்தவரு கோவிச்சுக்குவாரு ஹஜ்ரத். வீடு கை நழுவிப் போயிரும். விலையும் ஏறிடும்" என்றார். உண்மைதான். நான் மறுக்கவில்லை. "ஏறட்டும் அண்ணே. கப்ருக்குப் போகும்போது விலை ஏறிய வீட்டைக் கேட்கமாட்டார்கள். ஏழு லட்ச ரூபாய்ப் பங்குள்ள பையனைத்தான் கேட்பார்கள்" என்றேன்.

அவர் போய்க் கேட்டார். மூத்தவர் கோபித்துக்கொண்டார். இரண்டு மாதம் பேச்சு நின்றது. பிறகு அந்தத் தாய் ஆளனுப்பினார். தன் கணவர் மௌத்தான பிறகு கணக்கு என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டவர் இந்த வாடகைக்காரர்தான் என்றாராம். இப்போது ஒரு நோட்டில் நாற்பது பங்கும் எழுதப்பட்டு, மகள் ஊருக்கு 700 ரூபாய் போகிறது. சிறுவனின் 1,400 தனியே எழுதி வைக்கப்படுகிறது. ஐந்து லட்சம் கைமாறவில்லை. வீடு இன்னும் விற்கப்படவில்லை. நீதிமன்ற அனுமதி கிடைக்குமோ, சிறுவன் பெரியவனாகும்வரை காத்திருக்க வேண்டுமோ, அவருக்கே கிடைக்குமோ, வேறொருவர் வாங்குவாரோ, அல்லாஹ்வே அறிந்தவன். ஆனால் அந்த வீட்டில் அவர் தொழும் தொழுகை யாருடைய பங்கின் மீதும் நின்று தொழுவதாக இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் கைக்கு வருவதையும், எங்கள் கையிலிருந்து போவதையும் ஹலாலாக்கி வைப்பாயாக! எங்கள் சகோதரிகளின் பங்கை அவர்கள் கேட்பதற்கு முன் கொடுக்கும் மனத்தைத் தருவாயாக! எத்தீம்களின் பொருளை விட்டும் எங்கள் வீடுகளையும் வயிறுகளையும் பாதுகாப்பாயாக! எங்களுக்கு முன் சென்றவர்கள் தெரிந்தும் தெரியாமலும் செய்தவற்றை மன்னித்து, அவற்றைச் சரிசெய்யும் நஸீபை எங்களுக்கு வழங்குவாயாக!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!